மாப்பிள்ளையை மாடி ஏற்றியவள்

சுவரோடு காதை ஒட்டி, கண்ணை மூடி, வாயைப் பாதி திறந்து நிற்கிறாளே, அவள் மட்டும் இல்லையென்றால் உலகத்தில் பாதிப் பேர் இன்னும் தரையிலேயே நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பார்கள். நிலாவை அன்றாடம் மேலே ஏற்றி இறக்க ஓர் ஆள் வேண்டுமென்றால் அவளைத்தான் கூப்பிட்டிருப்பார்கள். அவளும் வந்து கொக்கியைத் தட்டிப் பார்த்து, "இதை யாருங்க மாட்டினது? கோணையா இருக்கு" என்று கேட்டிருப்பாள். இதில் ஒரு சொல்கூட மிகையில்லை. சந்தேகமிருந்தால் அவளையே கேளுங்கள். இதையேதான் சொல்வாள், கொஞ்சம் கூட்டி.

லிஃப்டில் ஏறுகிறவர்கள் பொத்தானைப் பார்ப்பார்கள், கண்ணாடியில் தலைமுடியைப் பார்ப்பார்கள். தலைக்கு மேலே, லிஃப்ட் ஓடும் குழியின் உச்சியில், இரும்பு உத்தரத்தின்மீது ஒரு மிஷின் உட்கார்ந்து கூண்டின் வடத்தை இழுத்து இழுத்து விடுகிறது என்பதை யாரும் நினைப்பதில்லை. ஒரு கறவை மாட்டின் கனம் இருக்கும் அது. அதைத் தரையிலிருந்து உச்சிக்குக் கொண்டுபோய் அசையாமல் உட்காரவைப்பது இவள் தொழில். அந்த மிஷினுக்கு இவள் வைத்திருக்கும் பெயர் மாப்பிள்ளை. "கனமா இருப்பார், கோவம் வரும், ஒழுங்கா உட்காரவெச்சுட்டா அப்புறம் வாயே திறக்க மாட்டார்" என்பது அவள் விளக்கம். இவளுக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை. இந்த விளக்கத்துக்கும் அதற்கும் தொடர்பு உண்டு என்று அம்மா நினைக்கிறாள்.

கடைக்குத் துணி எடுக்கப் போனால் அந்தக் கடையின் லிஃப்டை முதலில் எடை போடுவாள். கதவு மூடியதும் உள்ளங்கையைச் சுவரில் வைப்பாள், குழந்தைக்குக் காய்ச்சல் பார்ப்பதுபோல. இரண்டு மாடி தாண்டுவதற்குள் பூர்வகதை வந்துவிடும். "இவன் சாப்பாட்டு நேரத்துக்கு அவசரமா ஓடியிருக்கான். பாரு, இங்க ஒரு உதறல்." "இது ரெண்டு பேரு சண்டை போட்டுக்கிட்டே பூட்டினது. ஒருத்தன் இடதுபக்கம் இழுத்திருக்கான், ஒருத்தன் வலதுபக்கம்." கூட ஏறியவர்கள் அடுத்த மாடியிலேயே இறங்கிப் படியில் நடப்பது வழக்கம்.

'விழு' என்ற சொல்லை அவள் வாயில் எடுக்க மாட்டாள். குழிக்குள் அதைச் சொல்லக்கூடாது என்பது அந்தத் தொழிலாளிகள் எல்லாருக்கும் உள்ள கட்டுப்பாடு. மற்றவர்கள் வேலை முடிந்ததும் அதைக் குழியிலேயே விட்டுவிட்டு வருவார்கள். இவள் வீட்டுக்கும் கொண்டு வந்துவிட்டாள். அந்த வீட்டில் மழை இறங்கும், தலைமுடி இறங்கும், தட்டு கை நழுவி இறங்கும். தங்கைக்காரி கணக்குப் பரீட்சையில் இறங்கிவிட்டாள் என்று பள்ளிக்கூடத்திலிருந்து ஆள் வந்து சொன்னபோது, அதைச் சொன்ன விதத்துக்காக அவருக்கு டீ கிடைத்தது.

அந்தத் தங்கையைப் பற்றி இரண்டு வார்த்தை. நல்லவள், அழகி. அக்கம்பக்கத்தில் வாலு என்பார்கள், பொறாமை. பள்ளிக்கூடம் போகாத நாட்களில் அறிவை வீணாக்காமல் பிறருக்குப் பயன்படுத்துவாள். அழைப்புமணியில் பபிள்கம் ஒட்டி அதை ஓயாமல் கத்தவைப்பது, அப்படிச் சில பொதுத் தொண்டுகள். இந்தக் கதைக்கு அவள் அவ்வளவு முக்கியமில்லை. மேலே போவோம்.

வேலையிலிருந்து வந்ததும் அக்கா சோப்புத்தூளோடு ஒரு கைப்பிடி சர்க்கரையைக் குழைத்து, கிரீஸ் போகக் கை கழுவுவாள். "டப்பாவை எங்க ஒளிச்சாலும் எடுத்துடுறா. டீக்குச் சர்க்கரை இல்ல, கைக்கு இருக்கு" என்று அம்மா தினமும் ஒருமுறை சொல்லியாக வேண்டும். பிறகு கூடத்தைக் கடந்து போகும்போது, சுவரில் தொங்கும் காலண்டரை ஒரு விரலால் நேர் செய்வாள். திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாள். நூலளவு சாய்ந்திருந்தாலும் அவள் தோளுக்குத் தெரிந்துவிடும். அது ஏன் தினமும் சாய்கிறது என்று அவள் கேட்டதில்லை. தினமும் அதைச் சாய்த்துவைப்பவளும் சொன்னதில்லை.

எந்த மிஷினை உட்காரவைத்தாலும் கடைசியில் அவளுக்கு ஒரு சோதனை உண்டு. இடுப்புப் பையில் ஒரு பழைய நாணயம் வைத்திருப்பாள். தேய்ந்து தேய்ந்து இரண்டு பக்கமும் மொழுமொழு என்றாகிவிட்டது. எந்தக் கடையிலும் செல்லாது. அதைக் கூண்டின் தரையில் விளிம்பில் நிறுத்துவாள். கூண்டு உச்சிவரை போய்க் கீழே வர வேண்டும், நாணயம் நின்றபடியே இருக்க வேண்டும். இறங்கிவிட்டால் கம்பெனிக்காரர்கள் சரி என்று கையெழுத்துப் போட்டாலும் இவள் போட மாட்டாள்.

இப்படியிருக்கும்போது அவர்கள் குடியிருக்கும் கட்டடத்துக்கே லிஃப்ட் வந்தது. இத்தனை வருஷமும் அக்கா அடுத்தவர்களுக்குக் கீழே வேலை பார்த்தவள். இந்த மிஷின் அவள் பொறுப்பில் ஏறும் முதல் மிஷின். ஃபோர்மேன் கறாராகச் சொல்லிவிட்டார். "உன் காசு நின்னுச்சுன்னா அடுத்த வேலையிலேர்ந்து உனக்குத் தனி டீம். நிக்கலேன்னா பழையபடி என் பின்னாடி ஸ்பேனர் தூக்கிட்டு வா." வேறொருத்தியாக இருந்தால் இதைத் தனக்குள் வைத்துக்கொண்டிருப்பாள். இவள் மாடி மாடியாகப் போய், காசு நிற்கப்போகிறது, வந்து பாருங்கள் என்று எல்லாரையும் கூப்பிட்டுவிட்டு வந்தாள்.

முதல் மாடித் தையல்காரருக்கு மட்டும் லிஃப்டில் நம்பிக்கையில்லை. "ஏம்மா, நான் முதல் மாடி. கதவு மூடுறதுக்குள்ள எனக்கு இடம் வந்துடும்."

"அப்போ சும்மா ஆறாவது வரைக்கும் போயிட்டு வாங்கண்ணே. ஊரை மேலேர்ந்து பார்த்து நாளாச்சு இல்ல?"

மிஷின் ஏறிய நாளில் எல்லா மாடியிலும் தடுப்புக்குப் பின்னால் கூட்டம். கூரைக் கொக்கியில், கனம் தூக்கும் செயின் பிளாக்கை மாட்டியிருந்தார்கள். அக்கா மேலே நின்றாள். சங்கிலியை இழுக்க அவளோடு இரண்டு ஆட்கள். "மாப்பிள்ளை வர்றார், வழி விடுங்க!" என்று அவள் குரல் கொடுத்ததும் சங்கிலி கடகடவென்று பேச ஆரம்பித்தது. சாம்பல் நிறத்தில், இரும்புக் கப்பி பளபளக்க, மாப்பிள்ளை ஒவ்வொரு வாசலாகக் கடந்து அந்தரத்தில் போனார். ஐந்தாம் மாடியில் அம்மா சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டு, "எங்க வந்திருக்கு? இப்போ எங்க வந்திருக்கு?" என்று கேட்டபடியே இருந்தாள். நாலாம் மாடி தாண்டும்போது கீழிருந்து தையல்காரர் கத்தினார்.

"ஏம்மா, அது விழுந்துடாதே?"

சங்கிலி நின்றது. உச்சியிலிருந்து அக்காவின் குரல் குழி வழியாக மெதுவாக இறங்கி வந்தது. "அண்ணே, சொன்னதைத் திருப்பி எடுத்துக்குங்க. மாப்பிள்ளை காதுல கேட்டிருக்கும்."

தையல்காரர் நாலு பக்கமும் பார்த்தார். ஆறு மாடியும் அவரையே பார்த்தது. "இறங்கிடாதேன்னுதாம்மா கேட்டேன்" என்றார்.

"இறங்க மாட்டார்."

சங்கிலி மறுபடி பேசியது. உத்தரத்தின்மேல் நாலு மூலையிலும் தடித்த ரப்பர் வைத்து, அதன்மேல் மிஷினை இறக்கி, ரசமட்டத்தின் குமிழி நடுவில் வந்து நிற்கும்வரை தட்டித் தட்டி உட்காரவைத்தாள். முடிந்ததும் அதன் முதுகில் உள்ளங்கையை வைத்து ஏதோ சொன்னாளாம். என்ன சொன்னாள் என்று கூட இருந்த இரண்டு ஆட்களும் இன்றுவரை சொல்ல மறுக்கிறார்கள்.

வடம் மாட்டி, கூண்டு பூட்டி, எல்லாம் ஆன பிறகு ஃபோர்மேன் வருவதற்கு முந்தின சாயங்காலம் அவள் தனியாக ஒருமுறை ஓட்டிப் பார்த்தாள். வீட்டுக்கு வந்தாள்.

"நின்னுச்சா?" என்றாள் அம்மா.

"ம்."

சர்க்கரை போடாமல் வெறும் தண்ணீரில் கை கழுவினாள். கூடத்தைக் கடந்து போனாள். காலண்டர் சாய்ந்தே கிடந்தது.

தங்கை காலண்டரைத் திரும்பிப் பார்த்தாள். அன்று அவள் அதைக் கொஞ்சம் தாராளமாகவே சாய்த்திருந்தாள். கண் தெரியாதவருக்கும் தெரியும். பின்னாலேயே போய்ப் படிக்கட்டில் அக்கா பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நிக்கலையாக்கா?"

"வேகம் எடுத்ததும் இறங்கிடுச்சு." அக்கா தன் கைகளைப் பார்த்தபடி சொன்னாள். "எல்லாத்தையும் ரெண்டு வாட்டி பார்த்துட்டேன்டி. எங்கேன்னு தெரியல. அம்மாகிட்ட சொல்லாத."

தனி டீம் என்று சொல்லும்போதெல்லாம் அக்காவின் முகம் எப்படி இருக்கும் என்று தங்கைக்குத் தெரியும். ஆட்களுக்குச் சட்டை என்ன நிறம் என்பதுவரை பேசி முடித்திருந்தாள். மிஷினைப் பற்றித் தங்கைக்கு ஒரு மண்ணும் தெரியாது. ஆனால் எது எதோடு ஒட்டும், எவ்வளவு நேரம் ஒட்டும் என்ற படிப்பில் அவளை அடித்துக்கொள்ள அந்தத் தெருவில் ஆள் கிடையாது.

மறுநாள் காலை அக்கா எல்லாருக்கும் முன்னால் எழுந்து எங்கோ போய்விட்டு வந்து குளிக்கப் போனாள். இடுப்புப் பை கதவில் தொங்கியது. தங்கை பபிள்கம்மை நன்றாக மென்று, கடுகளவு கிள்ளி, நாணயத்தின் விளிம்பில் தேய்த்து, நகத்தால் சீராக்கி, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டாள். செய்த குறும்புகளிலேயே இவ்வளவு பயந்துகொண்டு செய்தது அது ஒன்றுதான்.

ஃபோர்மேன் வந்தார். கூண்டுக்குள் அவரும் அக்காவும் அம்மாவும் தங்கையும். கூடவே, ஊரைப் பார்த்து நாளாயிற்று என்று தையல்காரரும். அக்கா பையிலிருந்து நாணயத்தை எடுத்தாள். அவள் கட்டைவிரல் விளிம்பின்மேல் ஒரு கணம் நின்றது. இருமினாள். மறுபக்கம் திரும்பிக் காற்சட்டையில் நாணயத்தைத் துடைத்துக்கொண்டு, மண்டியிட்டு, தரையில் நிறுத்தினாள். 'நல்லா அழுத்துக்கா, நல்லா அழுத்து' என்று தங்கை மனதுக்குள் கத்தினாள்.

கூண்டு புறப்பட்டது. இரண்டு. வேகம் எடுத்தது. மூன்று. யாரும் மூச்சு விடவில்லை. தங்கை மட்டும் நிம்மதியாக விட்டாள். உச்சி வந்தது. நாணயம் நின்றது. கூண்டு இறங்கியது. நாணயம் நின்றது. தரைக்கு வந்து கதவு திறந்தபோது, காவலாளிபோல அது அப்படியே விறைப்பாக நின்றுகொண்டிருந்தது. "அட!" என்றார் தையல்காரர், நாணயத்தைப் பார்த்துத் தன் தொப்பியைக் கழற்றி.

அப்போதுதான் ஃபோர்மேன் குனிந்தார். இரண்டு விரலால் நாணயத்தைப் பிடித்தார். தங்கை கண்ணை இறுக மூடிக்கொண்டாள். பபிள்கம் நூலாக நீளும், பிறகு என்னென்ன நீளும் என்பதெல்லாம் ஒரே நொடியில் வந்து போயின.

ஒன்றும் நீளவில்லை. நாணயம் பூப்போல வந்தது. ஃபோர்மேன் அதை ஊதி, அக்காவின் கையில் வைத்தார். "ஆளுங்களை நீயே பார்த்து எடுத்துக்க. தூங்குமூஞ்சியா எடுக்காத."

அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே, "சர்க்கரை டப்பா இனிமே மேல் தட்டுலயே இருக்கும், எடுத்துக்க" என்றாள். தையல்காரர் இன்னொரு தடவை போய்வர வேண்டும் என்றார், போய் வந்தார், மறுபடி போனார். அக்கா வாசலில் நின்று, வருகிறவர் போகிறவர்களிடமெல்லாம், "காசு நின்னுச்சு, கேள்விப்பட்டீங்களா?" என்று கேட்டு, கேள்விப்பட்டவர்களுக்கும் முதலிலிருந்து சொன்னாள்.

எல்லாரும் போன பிறகு தங்கையைத் தோளில் பிடித்துக் கூண்டுக்குள் தள்ளிக் கதவை மூடினாள். கூண்டு சத்தமே இல்லாமல் ஏறியது. பையிலிருந்து ஒரு சின்ன மரக்கட்டையை எடுத்துக் காட்டினாள். ஒரு பக்கம் கிரீஸ் கறுத்திருந்தது.

"வடம் மாட்டும்போது ஆடக்கூடாதுன்னு மிஷினுக்கு அடியில இதைக் குடுத்தேன். எடுக்காம விட்டுட்டேன். ரப்பர்ல உட்கார வேண்டியவர் கட்டையில உட்கார்ந்தா உதறாம என்ன செய்வார்? விடியறதுக்கு முன்னாடி போய் உருவினேன்." கட்டையைத் தங்கையின் கையில் வைத்தாள். "இது நான் மறந்தது."

பிறகு கட்டைவிரல் நகத்தடியிலிருந்து எதையோ நிதானமாகச் சுரண்டி, உருட்டி, விரல் நுனியில் வைத்து நீட்டினாள். "இது நீ மறக்காம வெச்சது."

"அது... வந்து... நான் இல்லக்கா, அது ஒருவேளை தையல்காரர்..."

அக்கா சிரிக்கவில்லை. அந்தத் தங்கையின் மூக்கு நுனியில், சரி, என் மூக்கு நுனியில்தான், அந்தப் பபிள்கம்மை ஒட்டினாள். ஒட்டிவிட்டு இரண்டடி பின்னால் போய், ஒற்றைக்கண்ணை மூடி, ரசமட்டம் பார்ப்பதுபோல் பார்த்தாள். திரும்பி வந்து என் முகவாயைப் பிடித்துக்கொண்டு, அதை ஒரு நூலளவு இடதுபக்கம் தள்ளி நேர் செய்தாள்.