மடிக்கு வந்த குழந்தை

இன்று பஸ்ஸில் நான் சொல்லாமல் விட்டது இது: “அக்கா, குழந்தையை என்னிடம் தராதீர்கள்.”

நான் திருநங்கை என்பது இந்தப் பக்கத்தில் என்னைப் படிக்கும் எல்லோருக்கும் தெரியும். அறுவை சிகிச்சையில் நெற்றியையும் தாடையையும் பெண் முகத்துக்கு ஏற்றபடி திருத்திய பிறகு, முகக்கவசம் இல்லாமல் பஸ் ஏறியது இன்றுதான். செஞ்சியிலிருந்து நான் இறங்கும் வல்லம் வரை வாயே திறப்பதில்லை என்று முடிவு செய்திருந்தேன். முகம்தான் மாறியிருக்கிறது, குரல் பழையதுதான்.

நின்றுகொண்டிருந்த ஓர் அக்கா, கேட்காமலே கைக்குழந்தையை என் மடியில் வைத்தார்.

“செத்த வச்சிக்கம்மா. கம்பியப் புடிக்க முடில.”

உட்கார்ந்திருக்கும் பெண்ணின் மடி பஸ்ஸில் பொதுச்சொத்து. அந்தக் கணக்கில் என்னையும் சேர்த்துவிட்டார்.

குழந்தை என் புதுத் தாடையைத் தடவிப் பார்த்துவிட்டு அழ ஆரம்பித்தது. முன்சீட்டுக்காரர்கள் திரும்பினார்கள். வேறு வழியில்லை.

“அழாத தங்கம், அம்மா இங்கதான் இருக்குது” என்றேன், அந்தப் பழைய குரலிலேயே.

அக்கா சட்டென்று குனிந்து என் முகத்தைப் பார்த்தார். குழந்தையை வாங்கிக்கொள்ளப் போகிறார் என்று நினைத்துக் கைகளைத் தளர்த்தினேன்.

“இன்னாம்மா இப்டி லூசா புடிக்கிற? வுழுந்துடப் போவுது. நல்லா அணைச்சிப் புடி.”

அணைத்துப் பிடித்தேன். கொஞ்ச நேரத்தில் குழந்தை என் தோளிலேயே தூங்கிவிட்டது.

தூங்கும் குழந்தையை எழுப்பாமல் கைமாற்ற வழி தெரிந்தவர்கள் கமெண்டில் சொல்லுங்கள். எனக்குத் தெரியவில்லை.

வல்லம் வந்தது, போனது. அடுத்த ஸ்டாப்பில் இறங்கி நடந்து வந்தேன்.