துபாய்க்காரன் பொண்டாட்டி

கல்யாணம் பண்ணிக்கொள்ள நான் சிங்கப்பூர் வந்தபோது என்னிடம் ஒரு பெட்டியும், முப்பது நாள் தங்கிக்கொள்ளலாம் என்ற பாஸும், ஞானஸ்நானச் சான்றிதழும் இருந்தன. வயது முப்பத்து மூன்று. படிப்பு ஒன்பதாம் வகுப்பு, அதையும் முடிக்கவில்லை.

சாங்கியில் அவர் காத்திருந்தார். இந்த ஊரில் பஸ் ஓட்டுகிறவர். வேளாங்கண்ணிக்கு வேண்டுதலுக்காக வந்தவர், நான் வேலை பார்த்த விடுதியில் வந்து தங்கினார். அதற்குப் பிறகு இரண்டு வருஷம் போனிலேயே பேசினோம். விமான நிலையத்துக்குப் பூ எதுவும் கொண்டுவரவில்லை. சட்டைப் பையிலிருந்து ஒரு பஸ் அட்டையை எடுத்துக் கொடுத்தார்.

"இத வெச்சுக்க. இந்த ஊர்ல எங்க வேணாலும் போலாம்."

என் குணம் தெரிந்து ஒருவர் எனக்குக் கொடுத்த முதல் பரிசு அதுதான்.

கல்யாணம் வரை அவருடைய அக்கா வீட்டில் தங்க ஏற்பாடு. புக்கிட் மேராவில் பதினோராம் மாடி. அக்கா ஒரு பள்ளிக்கூடக் கேன்டீனில் மீ கோரிங் என்கிற நூடுல்ஸ் வறுவல் போடுகிறவர், தனியாக இருந்தார். நல்ல மனுஷி. ஆனால் எதையும் இரண்டு முறை பார்த்துவிட்டுத்தான் கூடையில் போடுவார், தக்காளியானாலும் சரி, தம்பி கட்டிக்கொள்ளப் போகிறவளானாலும் சரி.

இரண்டாம் நாளே நான் ஒரு வேலை செய்தேன். அங்கே துணியை மூங்கில் கழியில் கோத்து ஜன்னலுக்கு வெளியே நீட்டிக் காயப்போடுவார்கள். நானும் கோத்து நீட்டினேன், கவ்வி போடவில்லை. அக்காவின் நைட்டி பறந்து போய் ஒன்பதாம் மாடிக் கழியில் உட்கார்ந்துகொண்டது. அந்த வீட்டுச் சீனப் பெண்மணி அதை மடித்து எடுத்துக்கொண்டு மேலே வந்தார். அவர் என்னவோ சொல்லிச் சிரித்தார், அக்காவும் சிரித்தார்.

"என்ன சொன்னாங்க அக்கா?"

"புது ஆளு வந்திருக்குன்னு நைட்டியே சொல்லிருச்சாம் லா" என்றார், இந்த ஊர்ப் பேச்சின் வாலையும் சேர்த்து.

பகலில் அக்கா வேலைக்குப் போன பிறகு நான் பஸ் அட்டையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவேன். மாடி பஸ்ஸில் மேலே, முன் கண்ணாடியை ஒட்டி உட்கார்ந்தால் மரக்கிளைகள் முகத்தில் அடிப்பதுபோல் வந்து விலகும். அவர் ஓட்டுகிற பஸ் புக்கிட் பாத்தோக்கிலிருந்து எங்கள் பக்கம் வரும். ஏறும்போது அட்டையைத் தட்டிவிட்டு, தெரியாதவள்போல முகத்தை வைத்துக்கொண்டு மேலே போவேன். அவரும் சாலையைப் பார்த்தபடியே, "பிடிச்சு நில்லு, பிரேக் போடுவேன்" என்பார். ஒரு கடைசி நிறுத்தத்திலிருந்து இன்னொரு கடைசி நிறுத்தம் வரை போவேன், அதே பஸ்ஸில் திரும்பி வருவேன். அந்த நாட்களின் சந்தோஷத்துக்கு இன்றுவரை எனக்குச் சரியான பெயர் கிடைக்கவில்லை.

சிக்கல் கோயிலில் வந்தது.

எங்களில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை ஏதும் தெரிந்தவர்கள் பங்குச் சாமியாரிடம் சொல்லவும் என்று பூசை நேரத்தில் அறிவிப்பது. முதல் ஓலை வாசித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. கோயில் நிறைய ஜனம், அவர்களில் என்னைத் தெரிந்தவர்கள் இரண்டே பேர். யார் போய் என்ன தடை சொல்வது?

பூசை முடிந்து சாமியார் எங்கள் மூவரையும் அலுவலகத்துக்குக் கூப்பிட்டார். மேசையில் என் காகிதங்கள் இருந்தன.

"பிறந்த ஊர்ப் பங்கிலிருந்து ஞானஸ்நானச் சான்றிதழ் வந்திருக்கு. ஆனா நீ பதினாலு வயசுல ஊரை விட்டுப் போயிட்டேன்னு எழுதியிருக்காங்க. வேளாங்கண்ணியிலருந்து கடைசி அஞ்சு வருஷத்துக்குக் கடிதம் வந்திருக்கு. நடுவுல பதினாலு வருஷம் நீ எங்கம்மா இருந்தே?"

"நிறைய ஊர்ல இருந்தேன் சாமி."

"அந்த வருஷங்கள்ல உனக்குக் கல்யாணம் ஆகலன்னு சொல்ல, உன்னைத் தெரிஞ்சவங்க யாராவது வேணுமே. மூணாவது ஓலைக்குள்ள சாட்சி கிடைச்சா, அதுக்கடுத்த சனிக்கிழமை கல்யாணம். இல்லேன்னா மேலிடத்துக்கு எழுதணும். மாசக்கணக்குல ஆகும்."

எனக்கோ முப்பது நாள்தான். அது முடிந்தால் திரும்பிப் போக வேண்டும். போனால் திரும்ப வருவேனா என்று எனக்கே தெரியாது, பயம் அங்கேதான். ஏதாவது ஒரு ரயில் நிலையத்தில் ஏதாவது ஒரு வண்டி நின்றால் ஏறிவிடுகிற கால் எனக்கு. இத்தனை வருஷத்தில் முதல்முறையாக ஒரு இடத்தில் இருக்க வேண்டும் என்று தோன்றியிருந்தது. அந்த எண்ணம் கலைவதற்குள் கல்யாணம் நடந்துவிட வேண்டும்.

இன்னொரு விஷயமும் இருந்தது. அவருக்குத் தெரியும், அக்காவுக்குத் தெரியாது.

பதினாறு வயதில் திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போனேன். பெற்றவர்கள் இல்லை, கூட வர ஆளும் இல்லை. தனியாக இருக்கிற பெண்ணைப் பார்த்தால் சூப்பர்வைசர் முதல் பஸ் கண்டக்டர் வரை எல்லோருக்கும் அக்கறை பொங்கிவிடும். ஒரு நாள் ஒரு கவரிங் தாலி வாங்கி, மஞ்சள் கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டேன். வீட்டுக்காரர் துபாயில் இருக்கிறார் என்று சொல்லிவிட்டேன். அன்றோடு அக்கறை பாதி குறைந்தது. பஸ்ஸில் பக்கத்தில் எவனாவது நெருங்கி உட்கார்ந்தால் தாலியை எடுத்து வெளியே போடுவேன், நகர்ந்துகொள்வான். கொச்சியில் இறால் உரித்தபோதும், பெங்களூரில் அடுக்குமாடி வீடுகளில் கூட்டிப் பெருக்கியபோதும் அது கழுத்தில் கிடந்தது. வேளாங்கண்ணியில் நான் இருந்தது கன்னியாஸ்திரிகள் நடத்துகிற விடுதி. அங்கே தேவைப்படவில்லை, கழற்றிவிட்டேன்.

ஆக, அந்தப் பதினாலு வருஷத்தில் என்னைத் தெரிந்த யாரைப் பிடித்துக் கேட்டாலும், இவளுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது என்றுதான் சத்தியம் செய்வார்கள்.

அவரிடம் இதைப் போனில் சொன்ன நாளில் ஐந்து நிமிஷம் சிரித்தார். இப்போது சிரிக்கவில்லை. "அக்காகிட்ட நான் பக்குவமா சொல்றேன்" என்றார். தினமும் அதையே சொன்னார்.

இரண்டாம் ஞாயிறு லிட்டில் இந்தியாவுக்குப் போய்த் தேடினேன். லீவு நாளில் நம் ஊர் ஆட்கள் அத்தனை பேரும் அங்கேதான், தெருவில் தோள் இடிக்காமல் நடக்க முடியாது. புல்தரையில் உட்கார்ந்திருந்தவர்களிடமெல்லாம் "திருப்பூர்ப் பக்கம் யாராவது இருக்கீங்களா?" என்று கேட்டேன். நிறைய பேர் இருந்தார்கள். நல்லவர்கள், டீ வாங்கிக் கொடுத்தார்கள். ஒருவருக்கும் என்னைத் தெரியவில்லை. உள்ளுக்குள் பாதி நிம்மதியாக இருந்ததையும் சொல்லிவிட வேண்டும்.

மூன்றாம் ஓலைக்கு மூன்று நாள் இருக்கும்போது அக்கா என்னைச் சிராங்கூன் சாலைக்குக் கூட்டிப்போனார். நகைக்கடையில் தாலி பார்த்தோம். சிலுவை வைத்த தாலி. அக்கா இரண்டு முறை திருப்பிப் பார்த்து, ஒன்றை எடுத்து வைக்கச் சொன்னார்.

"சாட்சி கிடைக்கட்டும், வந்து வாங்கிக்கலாம். பசிக்குது லா, சாப்டுட்டுப் போவோம்."

பக்கத்துச் சந்தில் வாழையிலைச் சாப்பாட்டுக் கடை. சாம்பார் முடிந்து ரசத்துக்கு வந்தபோது, பரிமாறுகிறவர் வாளியின் மேலாகத் தெளிவாக முகந்து ஊற்றினார். எனக்கு அது சரிப்படாது.

"அண்ணே, மண்டியோட ஊத்துங்க! அடியில கரண்டிய விட்டு!"

சமையலறைக்குள் பாத்திரச் சத்தம் நின்றது. கதவைத் தள்ளிக்கொண்டு ஒரு ஆள் வெளியே வந்தார். இடுப்பில் ஈரத் துண்டு, கையில் ஜல்லிக் கரண்டி. திருப்பூரில் நான் சாப்பிட்ட மெஸ்ஸின் சமையல்காரர். தலை நரைத்திருந்தது, தொப்பை மட்டும் அப்படியே இருந்தது.

"அட! நம்ம துபாய்க்காரன் பொண்டாட்டி!" கடை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. "நல்லாருக்கியா தாயி? உன் வீட்டுக்காரரு வந்து சேந்தாரா இல்லியா?"

அக்காவின் கையில் அப்பளம் பாதி நொறுங்கிய நிலையில் நின்றது.

அதை இலையில் வைத்தார். விரல்களைத் துடைத்துக்கொண்டார். பிறகு தாழ்ந்த குரலில் கேட்டார். "உனக்கு எத்தன வீட்டுக்காரரு?"

இனி பக்குவம் பார்க்க நேரமில்லை. அங்கேயே, ரசம் இலையில் ஓட ஓட, எல்லாவற்றையும் சொன்னேன். கவரிங், மஞ்சள் கயிறு, துபாய், எல்லாம் பொய் என்று. சமையல்காரருக்குத்தான் கோபம் வந்துவிட்டது.

"சும்மா கத விடாத. நானே பாத்திருக்கேன் தாலிய. பன்னண்டு வருஷம் எங்கிட்டதான சாப்ட்ட? நடுவுல கொச்சி போன, பெங்களூர் போன, எங்க போனாலும் பெட்டியத் தூக்கிக்கிட்டு எங்க மெஸ்ஸுக்குத்தான வந்து நின்ன? எனக்குத் தெரியாதா?"

"அண்ணே, அக்காவுக்குத் தெரியும். நம்ம அக்காவக் கேளுங்க."

நான் சொன்னது அவருடைய மனைவியை. அவர் திண்டுக்கல்லில் இருந்தார். சமையல்காரர் துண்டில் கையைத் துடைத்துப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். நான் யார் என்று சொன்னதுமே அந்தப் பக்கம் சிரிப்பு வெடித்தது.

"ஏய், கள்ளத் தாலி! உசுரோட இருக்கியா? போன மாத்துனா சொல்ல மாட்டியா?"

"அப்ப அது கள்ளத் தாலிதானா?" என்றார் சமையல்காரர்.

"பின்ன? கவரிங் கடைக்கு நாந்தான் கூட்டிட்டுப் போனேன். கயித்துல கோத்துக் குடுத்ததே நாந்தான். அதுக்கு ஏது கல்யாணம், ஏது புருஷன்?"

"எனக்கு ஒரு வார்த்த சொன்னியாடி? புருஷன் கண்டுக்காத புள்ள, பாவம்னு ஞாயித்துக்கெழம தவறாம அதுக்கு ஒரு முட்ட சேத்து வெச்சேனே!"

"அதுக்குத்தான் சொல்லல. முட்ட நின்னு போயிருமே."

பக்கத்தில் இருந்த அக்காவிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. இருமல் என்று நினைத்தேன். பார்த்தால், முந்தானையால் வாயை மூடிக்கொண்டு தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தார். கண்ணில் தண்ணீர். சிரித்து முடித்ததும் என் இலையைப் பார்த்துவிட்டு, பரிமாறுகிறவரைக் கூப்பிட்டார்.

"தம்பி, இவளுக்கு ஒரு முட்ட வைங்க. அவரு வெச்சது போதாது போலருக்கு."

வீடு திரும்பும் பஸ்ஸில் அக்கா ஒரே ஒரு கேள்வி கேட்டார். "தனியா இருந்தப்ப ரொம்பப் பயந்தியா?" கொஞ்ச நாள் பயந்தேன், பிறகு பழகிவிட்டது என்றேன். உண்மையும் அதுதான். அதற்கு மேல் அவரும் கேட்கவில்லை. இறங்கும்போது என் கைப்பையை வாங்கிக்கொண்டார்.

சனிக்கிழமை மாலை சாமியாரின் அலுவலகத்தில் சமையல்காரர் இஸ்திரி போட்ட சட்டையோடு வந்து உட்கார்ந்தார். அவர் மனைவி போன் திரையில், பின்னால் திண்டுக்கல் வீட்டுச் சுவர். இருவரும் இந்துக்கள், பைபிள் மேல் எப்படி சத்தியம் செய்வது என்று அந்த அம்மா கேட்டார். "நீங்க கும்பிடுற சாமி பேர்ல பண்ணுங்கம்மா, சத்தியம் சத்தியம்தான்" என்றார் சாமியார். குலதெய்வத்தின் மேல் சத்தியம் நடந்தது.

"இந்தப் பெண்ணுக்கு இதுக்கு முன்னாடி கல்யாணம் ஆனதா உங்களுக்குத் தெரியுமா?"

"ஆகல சாமி. ஆன மாதிரி இருந்துச்சு, அவ்வளவுதான்."

சாமியார் சமையல்காரரைப் பார்த்தார். அவருக்கு இன்னும் மனத்தாங்கல் போகவில்லை. "பன்னண்டு வருஷம் பாத்தேன் சாமி. ஒரு நாள் வரல, ஒரு போன் வரல, ஒரு சோப்பு டப்பா அனுப்பல. என்ன மனுஷன்டா இவன்னு நான் திட்டாத நாளில்ல. இல்லாத ஆளத் திட்டிருக்கேன்னு இப்பத்தான தெரியுது."

சாமியார் தலையைக் குனிந்துகொண்டு எழுதினார். எழுத அவ்வளவு நேரம் ஆகியிருக்க வேண்டியதில்லை. நிமிர்ந்தபோது முகம் சிவந்திருந்தது.

மறுநாள் மூன்றாம் ஓலை. தடை தெரிந்தவர்கள் சொல்லவும் என்று வாசித்தபோது, அக்கா என் தொடையில் லேசாகக் கிள்ளினார்.

அடுத்த சனிக்கிழமை கல்யாணம். சாமியார் மந்திரித்துக் கொடுத்த தாலியை அவர் கட்டினார், மூன்றாவது முடிச்சை அக்கா போட்டார். கவரிங் தாலியைவிட இது கனமாக இருந்தது. கோயில் வாசலில் எல்லோரும் வாழ்த்திக்கொண்டிருக்கும்போது சமையல்காரர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"வாங்க மாப்ள, வாங்க! துபாய்லருந்து வர இவ்ளோ நேரமா?"

துபாய்க்காரர் என்ற பெயர் அவருக்கு ஒட்டிக்கொண்டது. இது ஏழாவது வருஷம். பிறந்த ஊரை விட்ட பிறகு இவ்வளவு நாள் நான் ஒரே ஊரில் இருந்ததில்லை. கால் அரித்தால் பஸ் அட்டையை எடுத்துக்கொண்டு கிளம்புகிறேன், கடைசி நிறுத்தம் வரை போகிறேன், சமையலுக்குத் திரும்பி வந்துவிடுகிறேன். மாலையில் அக்கா எங்கள் வீட்டுக்கு வந்தால், செருப்பைக் கழற்றும்போதே வாசலிலிருந்து குரல் கொடுப்பார்.

"என்ன, துபாய்க்காரரு இன்னும் வரலியா?"

"புக்கிட் பாத்தோக்லருந்து எடுத்துட்டாராம் அக்கா. இப்ப வந்துருவாரு."

சொல்லிவிட்டு ரசத்தை அடுப்பில் வைப்பேன். அது கொதித்து அடங்குவதற்குள் அவர் வந்துவிடுவார்.