பாதி இறக்கிய ஷட்டர்

திருவானைக்காவலில் சேலைக்கு மேட்சிங் ஜாக்கெட் துணி விற்கும் சிறு கடை என்னுடையது. எதிரே பெரிய ஜவுளிக்கடை வந்த பிறகு எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. உட்காருவேன், எழுவேன், மடித்த துணியையே மறுபடி மடிப்பேன். ஒரு காலை, யார் முகத்தையும் பார்க்கப் பிடிக்காமல் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உள்ளே போனை நோண்டிக்கொண்டிருந்தேன்.

சற்று நேரத்தில் பக்கத்துப் பாத்திரக்கடை பாய் குனிந்து உள்ளே வந்தார். குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"யாரும்மா தவறிட்டாங்க?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்கள் வரிசையில் யார் வீட்டில் சாவு விழுந்தாலும் எல்லாக் கடையும் ஷட்டரைப் பாதி இறக்குவது வழக்கம். வெளியே எட்டிப் பார்த்தேன். பாய் கடை, ஜெராக்ஸ் கடை, வளையல் கடை எல்லாம் எனக்காகப் பாதி மூடியிருந்தன. பூக்காரம்மா மாலையே கட்டத் தொடங்கியிருந்தார்.

"யாருக்கும் ஒண்ணுமில்ல பாய். வியாபாரம் ஓடல, மனசு சரியில்ல... அதான்."

பாய்க்குக் கோபம் வந்துவிட்டது. "எனக்கு மட்டும் ஓடுதா? நாளைக்கு முகூர்த்தம், இன்னிக்கு இத்தனை கடையும் மூடிக் கிடக்கு. ஏத்துங்கம்மா முதல்ல!"

கூனிக்குறுகி ஷட்டரைத் தூக்கினேன். அந்தச் சத்தம் கேட்டு மற்ற ஷட்டர்களும் ஒவ்வொன்றாக மேலே ஏறின.

எதிர்க்கடை இன்னும் இருக்கிறது. என் தவிப்பும் போகவில்லை. ஆனால் ஷட்டரை முழுதாக ஏற்றிவிட்டுத்தான் இப்போது தவிக்கிறேன்.