சிரட்டைத் தண்ணீரில் எழுந்த நுரை

எங்கள் ஊர் ரேடியோ பிடியரிசியில் வாங்கியது. உலை வைக்கும்போது ஒவ்வொரு வீட்டுப் பெண்ணும் ஒரு பிடி அரிசியைப் புறம்பாக எடுத்து வைப்பாள். மாதர் சங்கம் அதைச் சேர்த்து விற்கும். நான் பள்ளிக்கூட ஆசிரியை, சங்கத்தின் செயலாளரும்கூட. பெருமை பேசுகிறேன் என்று நினைத்தால் நினையுங்கள். எங்கள் உப்பு வாவியின் மேற்குக் கரையான இந்தப் படுவான்கரையில் பெண்கள் வாங்கிய ரேடியோ வேறெங்கும் இருந்ததாக நான் கேள்விப்படவில்லை.

ஊரில் மின்சாரம் இல்லை. ரேடியோவுக்கு உயிர் ஆறு வோல்ட் பற்றறி. சார்ஜ் இறங்கினால் அதைத் தோணியில் ஏற்றி, வாவிக்கு அந்தப் பக்கம் களுவாஞ்சிக்குடியில் இருந்த நெல் மில்லுக்கு அனுப்புவோம். மில் எஞ்சினோடு வார் போட்டு, பழைய லொறி டைனமோ ஒன்றைச் சுழற்றி சார்ஜ் ஏற்றுவார்கள். முதல் பற்றறி அப்படிப் போய்வந்து செத்தே போனது. ஊர்த் தலைமைக்காரரான விதானையார் சிரித்தார்.

“புடியரிசி சோறாகும் ரீச்சர், பேசுமா?”

தன் மனைவியை ஒரு பிடிகூடப் போட விடாதவர் அவர். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மறுபடியும் பிடி பிடியாகச் சேர்த்து இரண்டாவது பற்றறி வாங்கினோம். இதுவும் செத்தால் பெண்கள் என்னை நம்பி இனி ஒரு மணி அரிசி தரமாட்டார்கள். அதோடு வந்த ஆங்கிலத் தாளை எழுத்துக் கூட்டி வாசித்தேன். கூட்டல் வயரையும் கழித்தல் வயரையும் மாற்றிக் கொடுத்தால் பற்றறி பாழாகும் என்றிருந்தது. எது எந்த வயர் என்று தெரியாவிட்டால் இரண்டு முனைகளையும் உப்புத் தண்ணீரில் விட வேண்டும். அதிகம் நுரைப்பது கழித்தல் வயர்.

சார்ஜ் இறங்கியதும் நானே தோணியில் பற்றறியோடு போனேன். கரையிறங்கும்போது ஒரு தேங்காய்ச் சிரட்டையில் வாவித் தண்ணீர் அள்ளிக்கொண்டேன். மாரி மழை இன்னும் தொடங்கவில்லை, தண்ணீர் நல்ல உப்பு.

மில்லில் இரண்டு வயரும் எண்ணெய் பிடித்து ஒரே கறுப்பு. எஞ்சின்காரர் நீளமானதைப் பற்றறியின் கூட்டல் குறியில் மாட்டப் போனார்.

“நில்லுங்க அண்ணன். அதுதான் கூட்டல் எண்டு எப்பிடித் தெரியும்?”

“நீளமானதுதான் கூட்டல். போன முறையும் இப்பிடித்தான் குடுத்தன்.”

“அந்தப் பற்றறிதானே செத்துப் போச்சு!”

டைனமோ சுழன்றுகொண்டிருக்க, வயர்களைக் கையில் எடுத்தேன்.

“தொடாதீங்க ரீச்சர், அடிச்சிரும்!”

“ஆறு வோல்ட் அடிக்காது.”

 முனைகளைச் சிரட்டைக்குள் விட்டேன். நீள வயரில் உலை கொதிக்கிற மாதிரி நுரை எழுந்தது. மற்றதில் ஒன்றிரண்டு குமிழிதான். எஞ்சின்காரர் சிரட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு வயர்களை மாற்றி மாட்டினார்.

“மறுகா எனக்கும் அந்தத் தாளை வாசிச்சுக் காட்டுங்க ரீச்சர்” என்றார்.

அடுத்த நாள் பின்னேரம் ரேடியோ கரகரத்து, கொழும்பிலிருந்து தமிழில் செய்தி சொன்னது. பெண்கள் முன்னால் இருந்தார்கள், ஆண்கள் வேலியோரம் நின்றார்கள். எனக்கு அழுகை வந்தது, மறைக்கவில்லை. செய்தி முடிந்ததும் விதானையார் கிட்ட வந்தார்.

“நாளைக்கும் பேசுமா ரீச்சர்?”

“ஓம், உங்கட வீட்டுப் புடியும் வந்தா.”

விடிந்ததும் அவர் மனைவி சுளகு நிறைய அரிசியோடு வந்தாள். அவர்தான் அனுப்பினாராம். இத்தனை நாள் தராமல் இருந்ததற்கு வெட்கப்படுகிறாளாக்கும் என்று நினைத்து, “பரவாயில்ல, இப்பவாவது தந்தீங்களே” என்றேன். அவள் சிரித்தாள்.

“முதல் நாளில இருந்து பக்கத்து வீட்டுப் புடியரிசிப் பானையில என்ட புடியையும் போட்டுக்கொண்டுதான் வாறன். இண்டைக்குத்தான் ரீச்சர், ஒளிக்காமக் கொண்டு வாறன்.”