வெள்ளிக்கிழமைக் கரண்ட்

எங்கள் வீட்டுக்கு யு.பி.எஸ். வாங்குவதா வேண்டாமா என்ற பஞ்சாயத்து ஒரு சாரல் காலம் முழுக்க நடந்தது. வாங்க வேண்டும் என்ற கட்சியில் நானும் மாமாவும். வேண்டாம் என்ற கட்சியில் உம்மா ஒருத்திதான். ஆனாலும் ஜெயித்துக்கொண்டே இருந்தவள் அவள்தான். எனக்கு அப்போது பத்து வயது, ஐந்தாம் வகுப்பு. வாய் மட்டும் பத்தாம் வகுப்பு.

வாப்பா சவுதியில் இருந்தார். போன லீவுக்கு வந்தவர் தென்காசியிலேயே ஒரு கம்ப்யூட்டர் வாங்கி, வெப்கேமராவும் மாட்டிக் கொடுத்துவிட்டுப் போனார். வெள்ளிக்கிழமை அவருக்கு வேலை கிடையாது. அங்கே ஜும்ஆ தொழுது, சாப்பிட்டுவிட்டு வந்து உட்காரும்போது நமக்கு நாலு மணி ஆகிவிடும். நானும் உம்மாவும் அரை மணி முன்னாலேயே தலைவாரி, பவுடர் போட்டுக் கம்ப்யூட்டர் முன்னால் காத்திருப்போம். வாப்பா முதலில் என் மார்க்கைக் கேட்பார். அடுத்தது ஐந்தருவியில் தண்ணீர் எப்படி விழுகிறது என்று கேட்பார். உம்மா பதில் சொல்லிக்கொண்டிருக்கும்போதே கரண்ட் போய்விடும்.

எனக்கு ஆத்திரமும் அழுகையுமாக வரும். உம்மாவோ அஸர் தொழுகைக்கு ஒளுச் செய்ய எழுந்து போவாள். முகமும் கைகாலும் கழுவிவிட்டு வர வெள்ளிக்கிழமை மட்டும் அவளுக்கு வெகுநேரம் ஆகும்.

உம்மாவின் தம்பிதான் மாமா. செங்கோட்டையில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருந்தார். இப்படிப் பொசுக்குப் பொசுக்கென்று அணைந்தால் மெஷின் வீணாய்ப் போகும், கடையிலிருந்தே ஒரு யு.பி.எஸ். கொண்டுவந்து மாட்டிவிடுகிறேன், காசே தரவேண்டாம் என்று சொல்லிப் பார்த்தார். உம்மா வாரத்துக்கு ஒரு காரணம் சொன்னாள். மேஜைக்கடியில் இடத்தை அடைக்கும். பேட்டரி சூடாகும். கரண்ட் போனால் கீ கீ என்று கத்தும், பக்கத்து வீட்டில் பச்சைப்பிள்ளை தூங்குகிறது. இவளைப்போல ஒரு பிடிவாதக்காரி உலகத்தில் உண்டா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை வாப்பா, பெருநாளுக்கு லீவு கிடைக்கவில்லை, இனி அடுத்த வருஷம்தான் என்றார். அதனால் என்ன, உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றாள் உம்மா. அவர் வழக்கம்போல அருவியைக் கேட்டார்.

“விழுது, நல்லா விழுது. சனம் வந்துக்கிட்டே…”

உம்மாவின் குரல் பாதியில் நின்றது, திரை கறுத்தது. கரண்ட் போயிட்டு என்று எழுந்து போனாள். அண்ணாந்து பார்த்தேன். தலைக்கு மேலே ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது.

கம்ப்யூட்டரின் சுவிட்ச் உம்மாவின் கை எட்டும் இடத்தில்தான் இருந்தது. அது எனக்கு ஒரு விஷயமாகவே படவில்லை. அந்த ஒரு பிளக்கில்தான் கோளாறு என்று முடிவுகட்டி, ஒரு வாரம் அதை வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு திரிந்தேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை மாமாவும் வந்து உட்கார்ந்தார். நீங்களே ஒரு வார்த்தை சொல்லுங்கள் மச்சான் என்று வாப்பாவிடம் கேட்டார். இதுதான் சமயம் என்று நான் குறுக்கே விழுந்தேன்.

“வாப்பா, போன வாரம் கரண்ட் போகவே இல்ல. ஃபேன் ஓடிக்கிட்டுதான் இருந்துச்சு. இந்தப் பிளக்குக்கு மட்டும் கரண்ட் நின்னு நின்னு போகுது.”

உம்மா தலையைக் குனிந்து கீபோர்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் காது சிவந்திருந்தது. மாமா ஒருதடவை சுவிட்சைப் பார்த்தார், ஒருதடவை அக்காளைப் பார்த்தார். திரையில் வாப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். படம் நின்றுவிட்டதோ என்றுகூட நினைத்தேன்.

“வேண்டாம் மாப்ள. இப்போதைக்கு இருக்கட்டும்,” என்றார் கடைசியில்.

வாப்பாவுமா என்று எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. மாமா அன்றைக்கு அப்புறம் யு.பி.எஸ். பேச்சையே எடுக்கவில்லை. பிளக்கைக் கழற்றியாவது பாருங்கள் என்று கெஞ்சினேன். என் தலையைத் தடவிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிப் போய்விட்டார்.

அதற்கடுத்த வாரம் நானும் உம்மாவும் மட்டும். பேச்சு பெருநாள் துணி எடுப்பதில் வந்து நின்றது. உங்களுக்கு என்று ஏதோ தொடங்கிய உம்மாவின் உதடு கோணியது. உடனே வாப்பா அவசரமாக, “புள்ள, இங்கன கரண்ட் போகப் போவுது போலருக்கு. அடுத்த வாரம் பேசுதேன், என்ன,” என்றார். அவர் முகம் மறைந்துவிட்டது. எங்கள் கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டுதான் இருந்தது. உம்மா வெறும் திரையைத் தொட்டாள். அழுதுகொண்டே சிரித்தாள். அதிலிருந்து வாராவாரம் கரண்ட் போனது சவுதியில்தான்.

அங்கெல்லாம் கரண்டே போகாது என்று அளந்த பிள்ளைகளிடம், எங்க வாப்பா ரூமில் வெள்ளிக்கிழமைதோறும் போகிறது என்று பள்ளிக்கூடத்தில் சண்டைக்கு நின்றேன். எனக்கு வாப்பாவை நினைத்தால் பாவமாக இருந்தது. எங்களுக்கு இல்லாவிட்டாலும் போகட்டும், அவர் அறைக்காவது ஒரு யு.பி.எஸ். கிடைக்க வேண்டும் என்று அந்த நோன்பு முழுவதும் கண்ணை மூடிக்கொண்டு துஆ கேட்டேன்.