இடது அவளுக்கு, வலது எனக்கு

ஆங்கிலத்தில் ஜோடிக்கு 'பேர்' என்கிறார்கள். சமமானவை என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து வந்ததாம். 'கப்பிள்' என்பதும் ஜோடிதான், ஆனால் அதன் மூலச் சொல்லுக்குக் கட்டு, பிணைப்பு என்று பொருளாம். ஒற்றைக் கத்தரிக்கோலைக்கூட ஜோடி என்று சொல்கிற மொழி; எனக்கு எரிச்சலாகத்தான் வந்தது. ஞாயிற்றுக்கிழமை, ஓசூர் லேடீஸ் ஹாஸ்டல் அறையில் பேச ஆளில்லாமல் ஃபோனில் இதையெல்லாம் தேடிக்கொண்டிருந்தேன். காரணம் ஒரு கையுறை.

கம்பெனியில் தகடு வெட்டும் மெஷினில் நானும் என்னைவிடச் சின்னவள் ஒருத்தியும் எதிரெதிரே நிற்போம். நான் தென்காசிப் பக்கம், அவள் சூளகிரி. வீட்டில் தெலுங்கு, என்னிடம் தமிழ். அவளுக்கு இடது கைப் பழக்கம். தகட்டு விளிம்பு பட்டு எனக்கு வலது கையுறை கிழியும், அவளுக்கு இடது. ஸ்டோரில் பழைய ஜோடியைக் கொடுத்தால்தான் புது ஜோடி. என் கிழிந்த வலதையும் அவளுடைய கிழிந்த இடதையும் சேர்த்துக் கொடுத்து, புதியதை ஆளுக்கொன்றாகப் பிரித்துக்கொள்வோம். மூன்று வருடம் இப்படியே ஓடியது. சமம் என்றால் அப்படியொரு சமம். கட்டு என்று ஒன்றும் இல்லை. அவள் வீட்டுக்குக்கூட நான் போனதில்லை. ஆனால் இந்த ஊரில் எனக்கிருந்த ஒரே பேச்சுத்துணை அவள்தான்.

போன வாரம், வீட்டுக்குப் பக்கத்திலேயே வேலை கிடைத்து அவள் கம்பெனியை விட்டு நின்றுகொண்டாள். கடைசி நாள், கம்பெனிப் பொருளையெல்லாம் திருப்பிக் கொடுத்தாயிற்று என்கிற சீட்டில் ஸ்டோர்க்காரர் கையெழுத்துப் போடவில்லை.

“ஒத்தக் கிளவுஸ் செல்லாதும்மா. வலது எங்க? தேடி நாளைக்கு எடுத்துனு வா.”

அவளுடைய வலது என் கையில் இருந்தது. அன்று மதியம் என்னுடையது பாதி வேலையில் கிழிந்தபோது கழற்றிக் கொடுத்தவள், கிளம்புகிற பரபரப்பில் அதை மறந்தே போயிருந்தாள். நான் மறக்கவில்லை. கையைப் பின்னால் வைத்துக்கொண்டு நின்றேன். நாளைக்கும் வருவாளே என்ற ஆசை. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

அவள் லாக்கரைக் கொட்டிக் கவிழ்த்தாள். பஸ்ஸுக்கு நேரமாகிறதென்று முகம் வாடிப்போனது. அதற்குமேல் என்னால் முடியவில்லை. கழற்றி மேஜைமேல் வைத்தேன். அவர் கையெழுத்துப் போட்டுச் சீட்டை நீட்டினார்.

கேட் வரைக்கும் சேர்ந்தே நடந்தோம். பிறகு, “எதுக்குக்கா ஒளிச்சு வெச்ச?” என்றாள்.

“நாளைக்கும் நீ வருவேல்லா, அதான்.”

“வான்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா, சும்மாவே வந்திருப்பனே.”

மூன்று வருடத்தில் எத்தனையோ பேசியிருக்கிறோம். அதைக் கேட்க மட்டும் எனக்குத் தோன்றவே இல்லை.