கொட்டச் சொல்லாத கஞ்சி

ஊருக்கே அவர் ‘மைக்’தான். சுகாதாரத்துறை வண்டியின் ஓட்டுநர்; ஒரு கையில் ஸ்டீயரிங், மறு கையில் ஒலிவாங்கி. நாளை தண்ணீர் வராது, தடுப்பூசி போட வாருங்கள் என்று எதைச் சொன்னாலும் தெரு காது கொடுக்கும். அதில் அவருக்குத் தலைகொள்ளாத பெருமை. வீட்டில் உப்புக் கேட்பதுகூட அறிவிப்பு மாதிரிதான் இருக்கும்.

அந்த வட்டார அரிசியில் ஆர்சனிக் இருப்பது பரிசோதனையில் தெரிந்தது. ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரிலிருந்து நெல்லுக்கு ஏறிய நஞ்சு. நாக்குக்குத் தெரியாது, வருஷக்கணக்கில் சேர்ந்தால் புற்றுநோய் வரை கொண்டுபோய் விடும், குழந்தைகளின் மூளை வளர்ச்சியையும் கெடுக்கலாம். அதிகாரி அவருக்குச் சொல்லிக்கொடுத்தார்: அரிசியை நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும், நிறையத் தண்ணீரில் வேகவைக்க வேண்டும், வடிக்க வேண்டும், கஞ்சியைக் கொட்டிவிட வேண்டும்.

முதல் மூன்றையும் கணீரென்று சொன்னார் மைக். நாலாவதுதான் வாயில் வரவில்லை. சோற்றுக் கஞ்சியைச் சாக்கடையில் ஊற்று என்று ஊர் கேட்கச் சொல்வதா? வாய் கூசியது. வடித்தால் கொட்டத்தானே போகிறார்கள் என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டு, “வடித்துச் சாப்பிடுங்கள், வளமாக வாழுங்கள்” என்று முடித்துவிட்டார். கேட்கவும் எடுப்பாக இருந்தது.

சில மாதம் கழித்துக் கைக்குழந்தைகளுக்குச் சிறுநீர்ப் பரிசோதனை செய்தார்கள். அவருடைய பேத்திக்கு ஆர்சனிக் அளவு கூடியிருந்தது. முடிவு வாங்க மகளோடு அவரும் போயிருந்தார். வடித்த கஞ்சியை என்ன செய்கிறாய் என்று நர்ஸ் கேட்டார்.

“பாப்பாவுக்குத்தான் சிஸ்டர். சத்தெல்லாம் அதுலதானே இறங்குது. முன்னாடி குக்கர்ல வைப்பேன், அப்பா மைக்ல சொன்னப்புறம்தான் வடிக்கிறேன்.”

நஞ்சும் அதில்தான் இறங்குகிறது, கொட்டச் சொல்லித்தானே அறிவித்தோம் என்றார் நர்ஸ்.

“கொட்டச் சொல்லல சிஸ்டர். உங்க ஆபீஸ்லதான் விட்டிருப்பாங்க. எங்கப்பா ஒரு வார்த்தை விடமாட்டார்.”

வரிசையில் குழந்தையோடு நின்ற பெண்கள் ஆமாம் என்று தலையாட்டினார்கள். அவர்கள் வீட்டிலும் கஞ்சி வீணாகவில்லை என்பது மைக்குக்கு அப்போதுதான் உறைத்தது. அவமானத்தில் உடம்பு குறுகிப்போனது. மகள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. பேசாமல் இருந்துவிட்டால் பழி ஆபீஸோடு போய்விடும் என்றுகூட ஒரு கணம் நினைத்தார். அப்படி நினைத்தது அதைவிட வெட்கமாக இருந்தது.

“ஆபீஸ்ல சொன்னாங்கம்மா. நான்தான் விட்டுட்டேன்.”

குரல் தொண்டையைத் தாண்டவில்லை. என்னப்பா சொன்னீங்க என்று கேட்டாள் மகள். எல்லோருக்கும் கேட்கும்படி அவர் மறுபடி சொல்ல வேண்டியிருந்தது.